கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு கரடி

2016 மே மாதம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா வந்த சிலர் ஒரு பைசன் கன்றைத் தங்கள் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு வனக்காவலர் நிலையத்துக்கு வந்து நின்றார்கள். பைசன் என்பது அமெரிக்கக் காட்டெருது. கன்று குளிரில் நடுங்குகிறது, யாராவது காப்பாற்றியாக வேண்டும் என்பது அவர்களுடைய தவிப்பு. காவலர்கள் அதை மந்தையோடு சேர்த்துவிடப் பலமுறை முயன்றார்கள். மந்தை ஏற்கவில்லை. கன்றோ சாலையோரத்துக்கே திரும்பத் திரும்ப வந்து மனிதர்களையும் கார்களையும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பூங்கா நிர்வாகமே அதைக் கொன்றது.

இந்தச் சம்பவத்தில் வில்லன் என்று யாரும் இல்லை. வேட்டைக்காரன் இல்லை, கடத்தல்காரன் இல்லை. விலங்கின் மேல் பிரியம் வைத்தவர்கள் செய்த காரியம் அது. காட்டுயிர்ச் சுற்றுலாவில் நடக்கும் கேடுகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். பாவம் பசிக்குமே என்று குரங்குக்கு பிஸ்கட் நீட்டுகிறவர், டால்பினை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாமே என்று படகோட்டியைக் கெஞ்சுகிறவர், யானையோடு ஒரு செல்ஃபி என்று காரை விட்டு இறங்குகிறவர் எல்லாருமே தங்களைக் காட்டுயிர் ஆர்வலர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பொய்யும் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? விதி தெரியாததால் என்று சொல்லிவிட முடியாது. பூங்கா வாசலில் பலகை இருக்கிறது, நுழைவுச்சீட்டின் பின்புறம் அச்சடித்திருக்கிறார்கள், வழிகாட்டியும் ஒருமுறை சொல்லிவிடுகிறார். மூன்றையும் கேட்டுத் தலையாட்டியவர்தான் பத்து நிமிடம் கழித்து இறங்கி நடக்கிறார். வாசலில் தலையாட்டிய மனமும் விலங்கைக் கண்டதும் துள்ளிய மனமும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். மனித மனம் இரண்டு வேகத்தில் இயங்குகிறது என்று விளக்கிய உளவியலாளர் டேனியல் கானமன், 2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். ஒன்று மெதுவாக, யோசித்து, கணக்குப் போட்டு நடப்பது. மற்றது சட்டென்று, பழக்கத்தாலும் உணர்ச்சியாலும் நடப்பது. விதிகளை நாம் முதலாவதிடம் சொல்கிறோம். புலி எதிரே வந்து நிற்கும்போது வண்டியை ஓட்டுவது இரண்டாவது.

அந்த இரண்டாவது மனத்திடம் பேசும் கலைக்குத்தான் நட்ஜ் என்று பெயர்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முழங்கையால் லேசாக இடிப்பது என்று பொருள். நம்மிடம் இடித்துரைப்பது என்று ஒரு வழக்கு உண்டு. தப்பு செய்தவனை நேருக்கு நேர் கண்டித்துப் புத்தி சொல்வது. நட்ஜில் உரை கிடையாது, இடி மட்டும்தான், அதுவும் வலிக்காமல். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் 2008இல் வெளியிட்ட நூலால் இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. தேலருக்கு 2017இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் வைத்த இலக்கணம் எளிது: எந்த வழியையும் அடைக்கக் கூடாது, அபராதமோ பெரிய பரிசோ காட்டி ஆளைத் திருப்பக் கூடாது, ஆனாலும் ஆள் நல்ல பக்கம் சாய வேண்டும். வேலி போட்டால் அது நட்ஜ் இல்லை. அபராதம் போட்டாலும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக் கழிப்பறைகளில், சிறுநீர் சிதறாமல் இருக்கக் கோப்பைக்குள் ஒரு ஈயின் படத்தை வரைந்து வைத்தார்களே, அது நட்ஜ். ஆண்களுக்கு ஒரு இலக்கு கிடைத்துவிட்டது. யாரும் யாருக்கும் எதையும் உபதேசிக்கவில்லை.

காட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த நட்ஜுக்கு ஒரு காசு செலவில்லை. அது எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

யெல்லோஸ்டோனில் விதி இது: கரடி, ஓநாய் என்றால் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். பைசன், எல்க் மான் முதலான மற்றவை என்றால் 25 கெஜம், சுமார் 23 மீட்டர். சரி, 91 மீட்டர் என்பது எவ்வளவு தூரம்? உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணால் அளந்து சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு வராது. விலங்கைப் பார்த்த பரவசத்தில் சுத்தமாக வராது. ஆகவே அமெரிக்கப் பூங்காத் துறை ஒரு உபாயம் சொல்லிக்கொடுக்கிறது: கையை நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் நல்லது. காதோ வாலோ வெளியே தெரிந்தால் பின்வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரலின் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. கண்ணிலிருந்து நீட்டிய கைவரை ஏறக்குறைய 60 செ.மீ. ஒன்றுக்கு முப்பது. 3 மீட்டர் நீளமுள்ள பைசன் மறைய நாம் 90 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். விதி கேட்பதைவிட இது மிக அதிகம். 2 மீட்டர் நீளக் கரடி 60 மீட்டரிலேயே மறைந்துவிடும். அது விதிக்குப் போதாது. ஆக கட்டைவிரல் துல்லியமான அளவுகோல் இல்லை. கரடியென்றால் விரலில் மறைந்த பிறகும் இன்னும் நாற்பது ஐம்பது எட்டு எடுத்துவைத்துப் பின்னால் போவது உத்தமம். ஆனால் இதன் பலம் துல்லியத்தில் இல்லை. மீட்டர் என்ற கண்ணுக்குத் தெரியாத எண்ணை இது கண்ணுக்குத் தெரியும் காட்சியாக மாற்றிவிடுகிறது. கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது: கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி நிற்கும் அந்த மூன்று நொடியில் துள்ளிய மனம் கொஞ்சம் தணிகிறது. போதாததற்கு, குழந்தைகளுக்கு இது விளையாட்டு. “அப்பா, கொம்பு தெரியுது, பின்னாடி வாங்க” என்று பிள்ளை சொன்னால் எந்த அப்பா முன்னால் போவார்?

அடுத்து பலகை. விதிப் பலகை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தில் எழுதுகிறார்கள். அந்தக் கோபமே காரியத்தைக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு.

அரிசோனாவில் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் என்று ஒரு தேசியப் பூங்கா. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப் போன மரங்கள், அதாவது கல்மரங்கள், அங்கே சிதறிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொரு சிறு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது தீராத தலைவலி. ஆண்டுக்கு 14 டன் திருட்டுப்போகிறது என்று பூங்காவே அறிவிப்பு வைத்திருந்தது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவினரும் நடைபாதைகளில் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டுவிட்டு, இரண்டு விதமான பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒன்றின் செய்தி: முன்பு வந்த பலர் கல்மரத்தை எடுத்துப்போனதால் இந்த வனத்தின் இயற்கை நிலையே மாறிவிட்டது. கூடவே சிலர் எடுக்கிற படம். இன்னொன்று, தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டது. படத்தில் ஒரே ஒரு ஆள், அவர் கையின் மேல் சிவப்புத் தடைக்குறி.

இரண்டாவது பலகை இருந்தபோது காணாமல்போனவை 1.67 சதவீதம். பலர் எடுக்கிறார்கள் என்று புலம்பிய முதல் பலகை இருந்தபோது 7.92 சதவீதம். ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ஏன்? திருடாதே என்பதற்காக வைத்த பலகை, எல்லாரும் திருடுகிறார்கள் என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. புரியாத இடத்தில் மனிதன் ஊரோடு ஒத்துப்போகிறவன். பத்துப் பேர் எடுத்திருந்தால் ஒன்று எடுத்தால் என்ன குறைந்துவிடும், இப்போது எடுக்காவிட்டால் மிச்சம்கூட இருக்காதே என்று கணக்கு ஓடிவிடுகிறது.

இதைக் குரங்குப் பலகைக்குப் பொருத்திப் பாருங்கள். “இங்கு வரும் பலர் குரங்குகளுக்குத் தீனி கொடுத்து அவற்றைக் கெடுக்கிறார்கள்! தீனி கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம்!” படிக்கிறவர் மனத்தில் தங்குவது முதல் ஆறு சொல். நானாக இருந்தால் ஆச்சரியக்குறிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு இப்படி எழுதுவேன்: “தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை மூடிக்கொள்ளுங்கள். மனிதக் கையில் தின்று பழகிய குரங்கு, கொடுக்காத குழந்தையைக் கடிக்கும்.” செய்யாதே என்பதற்குப் பதில் கைக்கு ஒரு வேலை, அதற்கு ஒரு காரணம். பெரும்பாலான பயணிகள் ஒழுங்காகவே நடக்கிறார்கள் என்பது உண்மையானால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம். உண்மையில்லாவிட்டால் சேர்க்கக் கூடாது. பொய்யான பலகை ஒரு நாளில் சாயம் வெளுத்துவிடும், பிறகு அந்தப் பூங்காவின் எந்தப் பலகைக்கும் மரியாதை இருக்காது. இன்னொன்று, இந்தப் பலகையின் இடம் நுழைவாயில் அல்ல. பை திறக்கப்படும் இடம் எதுவோ அங்கே: வண்டி நிறுத்துமிடம், பெஞ்சு, காட்சிமுனை.

இடமும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவைச் சொல்லலாம். வேகமாக வரும் கார்களில் அடிபட்டு அங்கே கரடிகள் சாகின்றன. கரடி அடிபட்ட அதே இடத்தில் சாலையோரமாகச் சிவப்புக் கரடி உருவம் போட்ட பலகை ஒன்றை நிர்வாகம் நட்டுவிடுகிறது. வாசலில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் ‘கரடிகளைக் காப்போம்’ என்று பொதுவாகப் பேசும். இந்தப் பலகையோ, இதே வளைவில், நீ இப்போது போகிற இதே வேகத்தில் ஒன்று செத்தது என்கிறது. கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழும்பும்.

இந்தக் காலத்தில் மிகப் பெரிய பலகை கைபேசித் திரைதான். உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு 2020 வரை 7 மீட்டர் இடைவெளி என்று விதி இருந்தது. மனிதனின் சளிகாய்ச்சல்கூட கொரில்லாவுக்கு உயிராபத்து ஆகலாம் என்பதால் வந்த விதி. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கவனிக்கப்பட்ட பயணங்களில் 98 சதவீதத்துக்கு மேல் அந்த விதி மீறப்பட்டிருந்தது. மறு ஆண்டு வேறொரு குழு, மலைக் கொரில்லாச் சுற்றுலா பற்றி இன்ஸ்டாகிராமில் வந்த 858 படங்களை எடுத்துப் பார்த்தது. 86 சதவீதம் படங்களில் ஆளுக்கும் கொரில்லாவுக்கும் இடையே 4 மீட்டருக்குள்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பயணத்துக்கு முன் ஒருவர் பார்ப்பது இந்தப் படங்களைத்தான். அவர் மனத்தில் கொரில்லாப் பயணம் என்றால் தோளுக்குப் பின்னால் கொரில்லா என்று பதிந்துவிடுகிறது. அரிசோனாப் பலகை செய்த அதே வேலையை ஆயிரக்கணக்கான படங்கள் நாள்தோறும் செய்கின்றன. வழிகாட்டி தள்ளி நிற்கச் சொல்லும்போது ஏதோ தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றே பயணிக்குத் தோன்றும்.

இதனால்தான் 2017 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் செய்தது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. புலியோடு செல்ஃபி, கோலாவோடு செல்ஃபி என்பது போன்ற ஹேஷ்டேக்குகளைத் தேடினால் முதலில் விலங்கு வதை பற்றிய எச்சரிக்கை ஒன்று குறுக்கே வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டுப் படங்களைப் பார்க்கத் தடையில்லை. வழி திறந்தே இருக்கிறது, வாசலில் ஒரு படி மட்டும் கூடியிருக்கிறது. சுத்தமான நட்ஜ். ஆனால் தேடுகிறவரை அது மறிக்கிறதே தவிர, தேடாமலே தானாக வந்து விழும் படங்களை அது தொடுவதில்லை.

பலாவ் என்ற பசிபிக் தீவு நாடு வேறு வழியில் போனது. 2017 டிசம்பர் முதல், அந்நாட்டுக்குள் நுழைகிறவரின் கடவுச்சீட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். பயணி அதில் கையெழுத்திட வேண்டும். உறுதிமொழி அரசாங்கத்துக்கு அல்ல, பலாவின் குழந்தைகளுக்கு. உங்கள் விருந்தாளியாக வருகிறேன், மென்மையாக நடப்பேன், கொடுக்காததை எடுக்க மாட்டேன், அலையில் அழியும் காலடித் தடத்தைத் தவிர எதையும் விட்டுச்செல்ல மாட்டேன் என்ற பொருளில் அது போகும். இதில் இரண்டு மூன்று உளவியல் இழைகள் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. கையெழுத்துப் போட்டவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்ப்பான். தனக்குத் தானே பொய்யனாவது யாருக்கும் பிடிக்காது. வாடிக்கையாளன் என்று நினைப்பவன் காசுக்குக் கணக்குக் கேட்பான், விருந்தாளி என்று நினைப்பவன் செருப்பைக் கழற்றிவிட்டு வருவான். பார்த்தே இராத குழந்தைகள் சாட்சியாக நிற்கிறார்கள். கையெழுத்து கட்டாயம் என்பதால் இதைக் கறாரான அர்த்தத்தில் நட்ஜ் எனலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் கையெழுத்துக்குப் பிறகு, கடலுக்கடியில் தனியாக நீந்தும்போது, பவளத்தைத் தொடாமல் இருக்கச் செய்வது அந்தச் சொல்லின் லேசான இடிதான்.

சரியானதைச் செய்வதே சுலபம் என்று ஆக்கிவிடுவது இன்னொரு வழி. அண்டார்க்டிகாவில் பயண நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டோ 1991 முதல் இயங்குகிறது. ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது, பென்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில் என்றெல்லாம் விதிகள். இவை விதிகள். ஆனால் பயணிகள் இறங்கும் முன்பே குழுவினர் போய்ப் பனியில் கொடிகளை நட்டு நடைவழியைக் குறித்துவிடுகிறார்களே, அந்தக் கொடி வேலை செய்வது வேறு விதம். ஆளுக்கு எங்கே நடப்பது என்ற கேள்வியே எழாது. கொடியைப் பார்த்து நடப்பார். பென்குயின்களின் பாதை பென்குயின்களுக்கே இருக்கும்.

இந்த வரிசையில் என் சொந்த யோசனை ஒன்று: சஃபாரி வண்டியில் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு பைனாகுலரைத் தொங்கவிடுங்கள். வாடகைக்கு என்று கவுன்ட்டரில் வைத்தால் பத்தில் இரண்டு பேர் வாங்குவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தொங்கினால் எடுத்துக் கண்ணில் வைக்காதவர் அபூர்வம். பைனாகுலர் கையில் இருக்கிறவர், பக்கத்தில் போப்பா என்று ஓட்டுநரை நச்சரிக்க மாட்டார். பக்கத்தில்தான் இருக்கிறாரே.

ஓட்டுநர் என்றதும்தான் எனக்கு இந்தத் துறையின் மேல் ஒரு குறை நினைவுக்கு வருகிறது. நட்ஜ் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பயணியையே இடித்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, எவ்வளவு நெருங்குவது என்று முடிவெடுப்பவர் ஓட்டுநரும் வழிகாட்டியும். அவர்களுடைய வரும்படியில் டிப்ஸ் முக்கியமான பங்கு. நெருங்கிப் போனால் டிப்ஸ் கூடும் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கும்போது, அவரிடம் விதி பேசுவது வீண். அங்கே ஏற்கெனவே ஒரு நட்ஜ் இருக்கிறது, தப்பான திசையில்.

திருப்ப முடியுமா? கானமனின் இன்னொரு கண்டுபிடிப்பு உதவும். ஓர் அனுபவத்தை நாம் நிமிடம் நிமிடமாகக் கூட்டி நினைவில் வைப்பதில்லை. அதன் உச்சமும் முடிவும்தான் பெரும்பாலும் மனத்தில் தங்குகின்றன. இப்போதைய சஃபாரியில் உச்சம் என்றால் ஒரே ஒரு விலங்குதான். அது வராவிட்டால் பயணமே வீண் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். வழிகாட்டி புறப்படும்போதே ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, காலடித்தடம், மானின் எச்சரிக்கைக் குரல், மரத்தில் நகக்கீறல், மரங்கொத்தி, கரையான் புற்று என்று இருபது விஷயங்களைத் தேடச் சொன்னால், உச்சங்கள் பல ஆகும். அட்டை நிரம்ப நிரம்பப் பயணிக்குத் திருப்தியும் சேர்ந்துகொண்டே போகும். கடைசிப் பத்து நிமிடத்தை ஏதாவது ஒரு நீர்நிலையோரம் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார வைத்து முடித்தால், முடிவும் நன்றாக அமையும். திருப்தியாக இறங்குகிறவர் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். வழிகாட்டிக்குக் காட்டை வாசிக்கத் தெரிந்ததற்கான கூலி கிடைக்கும், நெருங்கியதற்கான கூலி அல்ல.

இவ்வளவு சொன்னபின், நட்ஜ் ஒரு மந்திரக்கோல் என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நட்ஜ் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது என்று ஒரு குழு எழுதியது. அதே ஆண்டு அதே ஆய்விதழில் இன்னொரு குழு, வெற்றி பெற்ற ஆய்வுகளே அதிகம் அச்சேறுகின்றன, அதைக் கழித்துப் பார்த்தால் பலன் என்று சொல்ல ஆதாரம் மிஞ்சவில்லை என்று மறுத்தது. அமெரிக்காவில் அரசுகளோடு வேலை செய்யும் இரண்டு பெரிய நட்ஜ் அமைப்புகளின் 126 சோதனைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: ஆய்விதழ்களில் சராசரி மாற்றம் 8.7 சதவீதப் புள்ளி, களத்தில் 1.4. சிறிது. ஆனால் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில், பலகையின் வாசகத்தை மாற்றும் செலவில் கிடைக்கும் 1.4 ஒன்றும் அற்பமில்லை. ஒரு மேசையில் இரண்டு தட்டுபோல, விதியும் கண்காணிப்பும் ஒரு பக்கம் இருக்க, இது இன்னொரு பக்கம் இருக்கலாம். அதன் இடத்தை இது பிடிக்கக் கூடாது.

சில இடங்களில் நட்ஜ் போதவே போதாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் காட்டுயிர் ஆய்வாளர்கள் 2015இல், 24 வகைக் காட்டுயிர்ச் சுற்றுலா இடங்களை மதிப்பிட்டு, சுற்றுலா இடங்களுக்குப் பயணிகள் மதிப்பெண் போடும் டிரிப்அட்வைசர் இணையதளத்தில் பயணிகள் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். விலங்குகள் துன்பப்படும் இடங்களுக்கும் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தார்கள். தங்கள் கண்ணெதிரே நடப்பது துன்பம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை லேசாக இடித்து உணர்த்த முடியாது. 2016இல் டிரிப்அட்வைசர், சிறைப்பட்ட காட்டு விலங்குகளைப் பயணிகள் தொடுகிற இடங்களுக்கு நுழைவுச்சீட்டு விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அது நட்ஜ் அல்ல, கதவடைப்பு. அங்கே அதுதான் சரி.

இன்னொரு எச்சரிக்கை, இதே வித்தைகள் எதிர்த்தரப்பிடமும் உண்டு. ‘இன்னும் 2 இடம்தான் பாக்கி’, ‘இன்று 40 பேர் யானைக் குளியல் பதிவு செய்தார்கள்’ என்று திரையில் மின்னுவதும் மனத்தை இடிப்பதுதான். நல்லது கெட்டதைப் பிரிக்க ஒரு எளிய உரைகல்: உன்னை இப்படித்தான் திருப்பினோம் என்று பயணியிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? கட்டைவிரல் உபாயத்தைச் சொல்லலாம். சொன்னால் இன்னும் ஆர்வமாகச் செய்வார். பொய்யான ‘2 இடம் பாக்கி’யைச் சொல்ல முடியாது.

அடுத்த பயணத்தில் உங்களை நீங்களே இடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஒழுங்காக நடப்பேன் என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது பலிக்கும் என்கிறது உளவியல். முடிச்சு சின்னதாக இருக்கட்டும்: வண்டி நின்றதும் முதலில் கட்டைவிரல், அப்புறம் கேமரா. பக்கத்தில் உட்காரப்போகிறவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் மறந்தால் அவர் முழங்கை இருக்கிறது.